கடலோரம் சில நாள்கள்: நோயிலிருந்து மீள்பவர்களும் உடனிருப்பவர்களும் ஓய்வு கொள்ள

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டே குடும்பத்தார் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் வினா ஒன்று உண்டு: “செந்தூருக்கு எப்பொழுது போகலாம்?” நெல்லைச் சீமையில் இவ்வினாவுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. நோய் நீங்க வேண்டுமென்று நேர்ந்துகொண்ட கடனைச் செலுத்த வேண்டும் என்பது ஒன்று. மருந்து வாசனையும் மின்விசிறி ஓசையும் அல்லாத ஓரிடத்தில், திறந்த காற்றில் சிறிது நேரம் அமர வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான விருப்பங்கள். அவற்றைத் தீங்கின்றி நிறைவேற்றிக்கொள்ளும் வழிகளை இவ்விதழில் எடுத்துரைக்க விழைகிறோம்.

கடற்காற்று மருந்தாகுமா?

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கில மருத்துவர், கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் பல நோய்களைப் போக்கும் என்று எழுதினார். அவருடைய பேச்சை நம்பிச் செல்வந்தர்கள் பிரைட்டன் என்ற மீனவர் ஊரை நோக்கித் திரண்டனர். அவ்வூர் பின்னாளில் புகழ்பெற்ற ஓய்வு நகரமாயிற்று. ஐரோப்பாவின் கடற்கரை விடுமுறைகள் பலவற்றுக்கு மருத்துவர் எழுதிய சீட்டே தொடக்கமாக இருந்தது.

கடல்நீரைக் குடிக்கும்படி இன்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். கடற்காற்று புற்றுநோயையோ இதயநோயையோ குணப்படுத்தாது. ஆயினும் நல்ல உறக்கம், மெதுவான நடை, கவலைப் பேச்சு குறைந்த இரண்டு நாள்கள் ஆகியவை மீண்டு வரும் உடலுக்கும் மனத்துக்கும் துணை செய்பவை. கடற்கரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கொடைக்கானல் போன்ற மலைநகரங்கள் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றில் கிடைக்கும் உயிர்வளி குறைவு. இதயமும் நுரையீரலும் தளர்ந்தவர்களுக்கு அது சுமையாகலாம். குற்றாலத்தில் வழுக்குப் பாறையும் அருவியின் வேகமும் தடை. கடற்கரையோ சமதளம். அங்கே ஏற்றம் ஏறி மூச்சு வாங்க வேண்டியதில்லை.

ஆற்றோடு செல்லும் பாதை

பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக நம் நகரைத் தொட்டுச் செல்லும் தாமிரபரணி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில்பாதை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஶ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று நீளும் அப்பாதையில், சாளரத்தின் வழியே வயலும் வாழைத்தோட்டமும் தெரியும். கடலை நெருங்க நெருங்கப் பனைகள் மிகும்.

நோயாளிகளுக்குப் பேருந்தைவிட ரயிலே ஏற்றது என்பது எங்கள் கருத்து. எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், கழிவறை உண்டு, குலுக்கலும் குறைவு. காரில் செல்வோர் மணிக்கொருமுறை நிறுத்தி இறங்கிச் சில அடிகள் நடப்பது நலம். அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறைய வாய்ப்புண்டு.

எந்தக் கரை?

திருச்செந்தூர் ஊராகவும் கோயிலாகவும் கடலாகவும் ஒன்றாகக் கலந்த இடம். தங்குமிடம், மருந்துக்கடை, அரசு மருத்துவமனை ஆகியவை அருகிலேயே இருப்பது நோயாளிகளுக்குப் பெரிய ஆறுதல். அமைதிக்காகச் செல்வோர் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா, ஐப்பசியின் கந்த சஷ்டி, தைப்பூசம், மாசித் திருவிழா ஆகிய காலங்களில் கூட்டத்தில் நிற்கவும் இடமிராது. வார நடுவில், திருவிழா இல்லாத நாளில் சென்றால், அதே கரையில் அலையோசையைத் தனியே கேட்கலாம்.

மேலும் அமைதி வேண்டுவோர்க்கு மணப்பாடு உகந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீனவர் ஊர் அது. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின்மீது திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாக மரபு கூறும் குகையும் அங்குண்டு. ஒருபுறம் கடலும் மறுபுறம் கழிமுக நீருமாக விரியும் அவ்விடத்தில் மாலைப்பொழுது கழிவதே தெரியாது. செப்டம்பர் 14-ஐ ஒட்டிய திருவிழா நாள்களையும், அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தின் தசரா நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே பெரிய மருத்துவமனை இல்லை. ஆகவே உடல்நிலை உறுதிப்படாதவர்கள் திருச்செந்தூரில் தங்கி, மணப்பாட்டுக்குப் பகலில் சென்று திரும்புவதே தக்கது.

எந்தப் பருவம்?

தையும் மாசியும் சிறந்தவை. வெயில் கடுமையாக இராது, மழையும் ஓய்ந்திருக்கும். சித்திரை, வைகாசியில் செல்ல நேர்ந்தால் நண்பகலை அறைக்குள் கழியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், பாதை அரிக்கப்பட்டு ஶ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்ததையும் நாம் மறக்கவில்லை. அந்நிகழ்வு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பாடம் சொல்கிறது: இரண்டு நாள் பயணத்துக்கு இரண்டு நாள் மருந்து போதாது. குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

யார், எப்பொழுது?

வீட்டில் ஓரிரு மாடிப்படிகளை மூச்சிரைப்பின்றி ஏற முடிகிறதா, இரவில் நன்கு உறங்க முடிகிறதா, சென்ற வாரம் மருந்தின் அளவு ஏதும் மாற்றப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இவ்விடைகளோடு உங்கள் மருத்துவரைச் சந்தித்து, அவர் ஒப்புதலைப் பெற்ற பின்னரே நாளைக் குறியுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பயணமே கூடாது என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாளில், காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் தொலைவில்தான் நம் கடல் இருக்கிறது. எக்காரணத்தைக் கொண்டும் ஒரு முறையைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

கீமோதெரபி பெறுபவர்கள் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களைத் தவிர்க்க வேண்டும். அந்நாள்கள் எவை என்பதைப் புற்றுநோய்ப் பிரிவில் கேட்டறியுங்கள். பயணத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், காலை வரை பொறுத்துப் பார்ப்போம் என்று இராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நேர்த்திக்கடன் பற்றி

இதைச் சொல்லத் தயங்குவோர் பலர்; ஆகவே நாங்களே சொல்கிறோம். அறுவைக் காயம் முழுதும் ஆறாத நிலையில் கடலிலோ நாழிக்கிணற்றிலோ குளிக்கக் கூடாது. தலையில் அறுவை நடந்தவர்களும், கீமோதெரபியால் தோல் மென்மையானவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பவர்களும் மொட்டை போடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அங்கப் பிரதட்சிணமும் அலகு குத்துதலும் உடல் தேறும் வரை ஒத்திவைக்கப்பட வேண்டியவை. நேர்ந்துகொண்டதை இன்னொரு நாள் செலுத்துவது வழக்கில் உள்ளதே. மகனோ மகளோ பெற்றோருக்காகச் செலுத்துவதும் உண்டு. நாழிக்கிணற்றின் படிகள் ஈரமானவை, கூட்டமும் மிகுதி. முதியவருக்கு அந்நீரைக் கொணர்ந்து தலையில் தெளித்தால், அவர் மனம் அதிலேயே நிறைந்துவிடும்.

கரையில் கவனிக்க வேண்டியவை

கால்களே முதற் கவலை. நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதங்களுக்குச் சுடுமணலும் கோயில் வெளிப்பிராகாரத்தின் நண்பகல் கல்தரையும் கொப்புளம் உண்டாக்கும். சுட்டது அவர்களுக்குத் தெரியாது. மணலில் மூடிய செருப்பும், செருப்பு அணிய இயலாத இடத்தில் தடித்த காலுறையும் அணியுங்கள். இரவில் உறங்குமுன் உள்ளங்கால்களை ஒருவர் விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும்.

நம் கரை கிழக்கு நோக்கியது. அதிகாலையில் சூரியன் கடலிலிருந்து எழும். ஏழரை மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும். மாலையில் சூரியன் முதுகுப்புறம் சாய்வதால், நான்கரை மணிக்குப் பின் அமர்ந்திருப்பது இதம். சில மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் ஆட்படுத்தும். நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் உதவும்.

கடலில் இறங்குவதை நோயாளிகள் தவிர்ப்பதே நன்று. திருச்செந்தூர்க் கரையில் அரிப்பினால் பாறைகள் வெளிப்பட்டுள்ள இடங்களுண்டு. அமைதியாகத் தோன்றும் கடலிலும் திடீரென அலை உயரும் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடுக்கப்படும் நாள்களில், துணைக்கு வந்தவர்களும் நீரில் இறங்கலாகாது.

இன்சுலினைக் காரின் வெயிலில் விட்டுவிடாதீர்கள். ஈரமணலில் வைத்த சிறு மண்பானை போதும். பனிக்கட்டியோடு நேரே படவைத்தால் மருந்து கெடும்.

உணவைப் பொறுத்தவரை, உடன்குடிக் கருப்பட்டி புகழ்பெற்றது. ஆயினும் அதுவும் சர்க்கரையே என்பதை நீரிழிவு உள்ளோர் நினைவிற்கொள்க. பதநீரும் அவ்வாறே. கருவாட்டில் உப்பு மிகுதி. இதயநோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆகாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதியாதலால் சிறுநீரக நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டும். பொரித்ததை விடுத்து, அன்று பிடித்த மீனைக் காரம் குறைத்துக் குழம்பாக்கி உண்ணலாம். தண்ணீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் வெயிலைக் காரணம் காட்டி அதை மீறக் கூடாது.

உடனிருப்பவர்களுக்கு ஒரு சொல்

வார்டுக்கு வெளியே பாய் விரித்துப் பல இரவுகள் படுத்தவர்கள் நீங்கள். மாத்திரை நேரத்தை நினைவில் வைத்தவர்கள், கஞ்சி காய்ச்சியவர்கள், வராந்தாவில் நின்று யாருக்கும் தெரியாமல் அழுதவர்கள். நோயாளி தேறிய பிறகும் உங்களுக்கு உறக்கம் வருவதில்லை என்பதைப் புறநோயாளர் பிரிவில் பலமுறை கேட்டிருக்கிறோம். தலைவலி, காரணமற்ற சினம், பசியின்மை ஆகியவை பெரும்பாலும் களைப்பின் குரல்கள்.

“அவரை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்?” என்பதே உங்கள் மறுமொழி. போகலாம் என்கிறோம். தங்கையிடமோ மைத்துனரிடமோ இரண்டு நாள் பொறுப்பை ஒப்படையுங்கள். மருந்து நேரங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடலருகே அமர்ந்து யாருக்கும் எதுவும் செய்யாமல் இருங்கள். அதைத் தன்னலம் என்று கருத வேண்டாம். அடுத்த ஆறு மாதமும் நீங்களே தாங்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து செல்வதாயின், மூன்றாவதாக ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இல்லையேல் அது உங்களுக்கு இடம் மாறிய பணியாகவே முடியும்.

குணமடைவதற்காக அல்லாத பயணங்களும் உண்டு. சிகிச்சையின் எல்லை எட்டப்பட்டுவிட்டதென்று அறிந்த ஒருவர், கடலை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். அதை மறுக்காதீர்கள்; எங்களிடம் வந்து சொல்லுங்கள். வலிமருந்தின் அளவு, படுத்தபடி செல்ல வண்டி, வழியில் தேவைப்படக்கூடியவை, அவசரத்தில் செய்ய வேண்டியவை ஆகிய அனைத்தையும் உங்களோடு அமர்ந்து திட்டமிட்டுத் தருவோம். கரையில் அரை மணி நேரம்தான் இயலும் என்றாலும், அந்த அரை மணி நேரம் அக்குடும்பத்துக்கு நெடுங்காலம் துணைநிற்கும்.

புறப்படுமுன்

டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல், மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஒரு வார மருந்து, மருத்துவமனைத் தொலைபேசி எண் ஆகிய ஐந்தும் நோயாளியின் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியின் அடியில் வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, வாய் கோணுதல் தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள். திருச்செந்தூர் அரசு மருத்துவமனையும், ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, எத்தனை நாள் சென்றீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், எப்படி உறங்கினீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் உடல் எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை அறிய அவருக்கு அதுவும் உதவும்.