கைப்பேசிக்கும் ஒரு நாள் விரதம்

சேலம் மாவட்டத்தில் சரபங்கா நதியோரம் அமைந்த எடப்பாடி, விசைத்தறியின் ஓசை ஓயாத ஊர். தை மாதம் பிறந்துவிட்டாலோ அவ்வூராரின் நினைவெல்லாம் பழநியையே நாடி நிற்கும். பருவதராஜகுல மரபினரான எடப்பாடி அன்பர்கள் காவடி ஏந்தி, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை நடந்தே கடந்து தண்டாயுதபாணி சுவாமியைத் தரிசிக்கின்றனர். இவ்வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்வதாகச் சொல்லப்படுகிறது. தைப்பூசப் பெருவிழாவுக்குப் பின் மலையேறும் இவர்கள், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்துச் சுவாமிக்குப் படைப்பார்கள். இரவில் பக்தர்கள் யாவரும் மலையை விட்டு இறங்கிவிடுவதே நடைமுறை. எடப்பாடியாருக்கு மட்டும் ஓர் இரவு மலைமீதே தங்கி வழிபடும் உரிமை மரபாக உண்டு.

அந்த மலையில் இப்போது மற்றுமொரு நியமமும் சேர்ந்திருக்கிறது. தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன்படி பழநி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அடிவாரத்தில் உள்ள பாதுகாப்பு மையத்தில் ஐந்து ரூபாய் கட்டணம் செலுத்தி, அதனை ஒப்படைத்துவிட்டே மலையேற வேண்டும். சந்நிதியின் அமைதி கருதி விதிக்கப்பட்ட இந்த நியமத்தில், வீட்டிலிருந்து வழிபடுவோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இன்று பெரியவர்கள் பலரின் காலைப்பொழுது வாட்ஸ்அப்பில் விடிகிறது. சுவாமி படத்துடன் வரும் காலை வணக்கம், பேரக்குழந்தையின் புகைப்படம், கோயில் திருவிழா அழைப்பு ஆகியவற்றால் மனம் மகிழ்வது உண்மையே. ஆனால் அதே வழியில் வீண் வாதமும், ஆதாரமற்ற மருத்துவக் குறிப்பும், பிறரைப் பழிக்கும் செய்தியும் வந்து சேர்கின்றன. 2014-ஆம் ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பை விலைக்கு வாங்கியது. ஃபேஸ்புக்கில் கிளம்பும் பேச்சு சிறிது நேரத்திலேயே குடும்பக் குழுவிற்கும் வந்துவிடுகிறது. பூஜையறையில் அமர்ந்திருக்கும்போது கைப்பேசி ஒலித்தால், வாய் நாமத்தைச் சொல்ல, மனமோ வந்த செய்தி யாதென்று தேடுகிறது.

இது மனக்கலக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நிகழ்ந்த கொடுமையை அன்பர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து தங்கள் குலதெய்வத்தைத் தரிசிக்கக் காரில் சென்ற ஒரு குடும்பத்தினர் வழி கேட்பதற்காக ஓரிடத்தில் நின்றனர். அங்கிருந்த குழந்தைகளுக்கு, அவர்களுடன் வந்த 65 வயது மூதாட்டி அன்போடு சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துவோர் திரிவதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பியிருந்த மக்கள், அக்குடும்பத்தினரைச் சூழ்ந்துகொண்டு தாக்கினர். மூதாட்டி உயிரிழந்தார். அந்த வதந்தியைப் பிறருக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். ‘குழந்தைகள் பத்திரமாக இருக்கட்டும்’ என்ற நல்லெண்ணத்திலேயே அனுப்பியிருப்பார்கள். ஆராயாமல் அனுப்பிய அந்த நல்லெண்ணம், குலதெய்வத்தைக் காணப் புறப்பட்ட ஒரு பாட்டியின் உயிரைக் குடித்தது.

நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொடுமைகள் நிகழ்ந்த பின்னர், 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. நிறுவனம் விதிக்கும் வரம்பு அவ்வளவே. மனம் விதிக்கும் வரம்பையே நம் முன்னோர் விரதம் என்றனர். திருவள்ளுவரும் இல்லறத்தாருக்கு அறம் உரைக்குமிடத்தில் ‘புறங்கூறாமை’, ‘பயனில சொல்லாமை’ என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அன்று நாவுக்கு உரைத்த அறம் இன்று விரலுக்கும் பொருந்தும்.

அண்ணல் காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் அனுஷ்டித்தார். அவசியமானதைச் சிறு காகிதத் துண்டில் எழுதிக் காட்டினார். கடமை எதுவும் அதனால் நின்றுவிடவில்லை. மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்து வட்கான் கிராமத்தில் 2022-இல் ஊரார் கூடி ஒரு முடிவெடுத்தனர். மாலை ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஒலி எழுந்ததும் எல்லா வீடுகளிலும் கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஓய்வு கொள்ளும். ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிப்பர், பெரியவர்கள் உரையாடுவர்.

நம் வீடுகளிலும் ஏகாதசி, கிருத்திகை, அல்லது வாரத்தில் ஏதேனும் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். ‘வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள பிள்ளைகள் பதறுவார்களே’ என்ற கவலை இயல்பானது. முன்னதாகவே அவர்களிடம் சொல்லிவிட்டால் போதும். இணைய இணைப்பை மட்டும் நிறுத்தி வைத்தால் சாதாரணத் தொலைபேசி அழைப்பு வழக்கம்போல் வரும். அவசரமென்றால் அவர்கள் அழைத்துப் பேசலாம். அன்று வந்த செய்திகளும் காணாமல் போவதில்லை. 30 நாட்கள் வரை காத்திருந்து, மீண்டும் இணைப்புக் கொடுத்ததும் வந்து சேரும். ஓயாமல் ஒலிக்கும் குழுக்களை மட்டும் எட்டு மணி நேரமோ ஒரு வாரமோ ஒலியின்றி வைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ஆனால் கணக்கை அழித்துவிடக் கூடாது. அழித்தால் பழைய உரையாடல்கள் நீங்கும்; எல்லாக் குழுக்களிலிருந்தும் பெயர் விலகிவிடும். ஓய்வுக்கு அது தேவையில்லை. தனியே வசிக்கும் முதியோரும், உடல்நலம் குன்றியோரும் கைப்பேசியை அருகிலேயே வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பை மட்டும் திறவாதிருப்பதே ஏற்றது.

அந்த நாளில் கிடைக்கும் பொழுதைக் கோயில் வலம் வருவதற்கும், பாராயணத்திற்கும், எதிர்வீட்டாரிடம் நேரில் நலம் விசாரிப்பதற்கும் செலவிடலாம். தினந்தோறும் படமாக அனுப்பிய வணக்கத்தை அன்றொரு நாள் கைகூப்பிச் சொல்லலாம். விரதம் முடிந்து மீண்டும் கைப்பேசியைத் திறக்கும்போது, ‘இது உண்மையா? இதனால் யாருக்கேனும் தீங்கு நேருமா?’ என்று எண்ணிப் பார்த்து, அதன் பிறகே பிறருக்கு அனுப்பும் பொறுமை வாய்க்குமானால் அந்த விரதம் பலித்ததென்றே கொள்ளலாம்.

எடப்பாடி அன்பர்களின் முன்னோர் வீட்டிலிருந்து எந்தச் சேதியும் எட்டாத காலத்தில், பல நாட்கள் நடந்து பழநிக்குச் சென்றனர். விட்டுவந்த வீட்டை வேலவன் காப்பான் என்ற நம்பிக்கையே அவர்களுக்கு வழித்துணையாக இருந்தது. ஒரு நாள் கைப்பேசிக்கு ஓய்வளிக்கும் துணிவையும் அந்த நம்பிக்கையே நமக்குத் தரும்.