போரைவிட வீடு

உங்களுக்குத் தெரியுமா? போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துப் பார்த்த இலங்கை வடகிழக்கின் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஓர் ஆய்வுக்குழு விசாரித்தது. குழுவை வழிநடத்தியவர் உளவியலாளர் கிளவுடியா கட்டானி. ஆய்வு 2008இல் வெளியானது.

போரின் கொடுமை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 82.4 சதவீதம். அடி, திட்டு, பெற்றோர் சண்டை என்று குடும்பத்துக்குள் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்களோ 95.6 சதவீதம்!

பத்துக்கு மூன்று பிள்ளைகளிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு (PTSD) இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய். போர், சுனாமி இரண்டோடு வீட்டு வன்முறையும் பாதிப்பைக் கூட்டியது. போரை அதிகம் பார்த்த பிள்ளைகளும், குடிக்கும் அப்பா உள்ள பிள்ளைகளும் வீட்டில் கூடுதலாக வதைபட்டதாகச் சொன்னார்கள். குண்டு விழுந்தால் பதுங்குகுழிக்குள் ஓடலாம். குடித்துவிட்டு வரும் அப்பாவிடமிருந்து எங்கே ஓடுவது?

‘நம்ம பக்கம் போரே இல்லையே’ எனலாம். ஆனால் சேலம் – நாமக்கல் சாலையிலுள்ள புதுச்சத்திரத்திலும் மாலையில் குடித்துவிட்டு வீடு திரும்புபவர்கள் உண்டு, அங்கே காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகள் உதவிக்கு 1098ஐ அழைக்கலாம். மனம் தளர்ந்த பெற்றோருக்கு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இருக்கிறது: 14416. இரண்டுமே இலவசம், 24 மணி நேரமும் பேசலாம்.