டிவிடியில் பேச்சு கேட்கவில்லை, சண்டை மட்டும் காதைப் பிளக்கிறதே, ஏன்?

தமிழ்ப் படம் ஓடும் வீட்டில் ரிமோட் சும்மா இருக்காது. அம்மா பேசினால் சத்தத்தைக் கூட்டுவீர்கள். அடியாள் வந்ததும் பதறிக் குறைப்பீர்கள்.

டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். பல டிவிடிகளில் ஒலி 5.1 முறையில், ஆறு தடங்களாக இருக்கும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில். உங்கள் டிவியிலோ இரண்டே ஸ்பீக்கர். பிளேயர் 5.1 என்றே இருந்தால் நடுத்தடம் வெளியே வராமலே போகலாம். பிளேயரின் செட்டப்பில், 'டவுன்மிக்ஸ்' பகுதியில் 'ஸ்டீரியோ' வையுங்கள். நடுத்தடமும் அந்த இரண்டில் கலந்துவிடும்.

அப்புறமும் சண்டை அதிர்கிறதா? கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் உள்ள இடைவெளி தியேட்டருக்காக அமைத்தது. கல்யாண குரூப் போட்டோவில் நெட்டையரைக் குனியவைத்து, குட்டையரைப் பலகைமேல் ஏற்றுவார்களே, 'டிஆர்சி' அல்லது 'நைட் மோட்' செய்வது அதுதான். பெருஞ்சத்தம் தணியும், மெல்லிய பேச்சு எழும். வெடியின் கம்பீரம் கொஞ்சம் போகும். குழந்தை தூங்கும் வீட்டில் அது நஷ்டமல்ல.

படத்துக்கும் அதே செட்டப்பில் வழி உண்டு. அகல டிவியில் முகங்கள் உப்பித் தெரிந்தால், 'டிவி டிஸ்பிளே'யை 4:3-இலிருந்து 16:9-க்கு மாற்றுங்கள்.

பல பிளேயர்களில் படம் ஓடும்போது சில செட்டப் வசதிகள் திறக்காது. முதலில் ஸ்டாப்பை அழுத்துங்கள்.