‘கட் ஆஃப் எவ்வளவு?’ என்ற கேள்வி

கல்லூரி விடுதியில் முதல் நாளே கேட்பார்கள்: “கட் ஆஃப் எவ்வளவு?” அடுத்தது, “எந்த ஊர்?” ஊர்ப் பேரைச் சொன்னால், “ஊருக்குள்ளயா, காலனியா?” மூன்றும் ஒரே கேள்விதான். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியைத் தெரிந்துகொள்ளும் வித்தை. பதில் சொன்ன பிறகு யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. மறுநாள் மெஸ்ஸில் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருக்கும்.

குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் உடனே பிடிபடாது. உதவித்தொகை வரத் தாமதமானால் பாக்கிப் பட்டியலில் பெயர் தொங்கும். ஒரு அரியர் விழும். யாரோ ‘கோட்டா’ என்று சிரிப்பார்கள். இவை எல்லாம் வெளியிலிருந்து வருபவை. ஆனால், நாளடைவில் அந்தப் பிள்ளை இவற்றை ஒரே வரியாகச் சுருக்கிக்கொள்கிறது: “நான்தான் லாயக்கில்லை.” ஆபத்து தொடங்குவது அந்த வரியில்தான்.

தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய்; சோம்பலோ கோழைத்தனமோ அல்ல. மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகும். ‘செத்துப்போகலாம்’ என்று தோன்றுவதும் அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. நம்பகமானவரிடம் வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும்.

மருந்து மட்டும் போதுமா? 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017 மார்ச்சில் டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படித்த சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணனை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வியை இழந்தோம். ஒரு மரணத்துக்குக் காரணம் ஒன்று மட்டும் இருக்காது. ஆனால், திறமைக் குறைவு அந்தக் காரணங்களில் இல்லை.

அதே 2019இல் ரோகித்தின் தாயும் பாயலின் தாயும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2012லேயே வகுத்த விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்றார்கள். கல்லூரிகளில் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். வகுப்பில் சாதியை அறிவிப்பது, ‘இடஒதுக்கீட்டில் வந்தவன்’ என்று முத்திரை குத்துவது எல்லாம் அவற்றின்படி பாகுபாடுதான். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியான மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

மாணவர்களே, உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார், ஆலோசகர் யார் என்று கேளுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்பவர்கள், புதிதாக வந்த நம் பிள்ளைகளோடு தினம் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள்.

பெற்றோர்களே, “உன்னை நம்பித்தான் குடும்பமே இருக்கு” என்று பாசத்தில்தான் சொல்கிறோம். ஏற்கெனவே சுமக்க முடியாமல் நிற்கிற பிள்ளைக்கு அதுவும் சுமை. போனில் மார்க்கைக் கேட்கும் முன், “நல்லாத் தூங்குறியா, யார் கூடப் பேசுற?” என்று கேளுங்கள். “முடியலன்னா வந்துடு சாமி, ஒரு வருசம் போனாப் போகுது” என்ற சொல் ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தும்.

வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயப்பட வேண்டாம். உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அரசுக்கு அவருக்குச் சிகிச்சை தரும் கடமையும் உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 104, 14416 ஆகிய இரண்டும் கட்டணமில்லா எண்கள். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்களைப் பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.