தொட்டி நீரில் கை வைக்கும் முன்

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலைப்பாதையில் போகும்போது, லோயர் கேம்ப் அருகே மலைச்சரிவில் பெரிய குழாய்கள் இறங்கி வருவதைக் கண்டிருப்பீர்கள். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, இக்குழாய்களில் வேகமாக இறங்கி, அடிவாரத்து மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றுகிறது. அங்கே நீரிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. அதே நீரும் மின்சாரமும் நம் வீட்டுக் கொல்லையில் சந்தித்தால் என்ன ஆகும்?

லோயர் கேம்ப்பில் என் உறவினர் ஒருவர் கொல்லையில் சிறு குளம் அமைத்து மீன் வளர்க்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இதற்குக் காரணம் என்ன? பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் வெளிச்சம் இல்லாததால் அவையும் மீன்களைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன. ஆகவே விடியும் நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைகிறது. அழுகும் இலைகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அவர் ஓடிப்போய் பம்பைப் போட்டார். அடைத்திருந்த இலையை எடுக்க நீரில் கையை விட்டார். சுரீரென்று ஒரு அதிர்ச்சி! காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கையை உதறி எடுத்துவிட்டார். தொட்டி விளிம்பில் உரசி உரசி, ஒயரின் மேலுறை வெடித்திருந்தது. ஆனால் ப்யூஸ் போகவில்லை. ஏன்?

ஓம் விதியைக் கொண்டு கணக்கிடுவோம். உலர்ந்த தோலுடன் நம் உடலின் மின்தடை சுமார் 1,00,000 ஓம் வரை இருக்கலாம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர், வெறும் கூச்சம்தான். நனைந்த உடலில் மின்தடை சுமார் 1,000 ஓமாகக் குறையலாம். அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர்! சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பிடித்த ஒயரை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் இதயத்தின் துடிப்பையே குலைக்கக்கூடும். ஆனால் 5 ஆம்பியர் ப்யூஸுக்கு 230 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ப்யூஸ் ஒயரைக் காக்கிறது, மனிதரை அல்ல!

மனிதரைக் காக்கும் கருவிக்கு 1961-இல் வழிகாட்டியவர், கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். நாம் ஆர்.சி.சி.பி. என்பதும் அதே தத்துவத்தில் இயங்குவதே. ஒரு கம்பியில் போன மின்னோட்டம் மறு கம்பியில் முழுவதும் திரும்பியதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவு வேறு வழியில் நிலத்துக்குக் கசிந்தாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆனால் ஒருவர் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் அதற்குத் தெரியாது. ஆகவே எச்சரிக்கையும் வேண்டும்.

நினைவில் வையுங்கள்:

1. நீரில் கை வைக்கும் முன், உலர்ந்த கையால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

2. மூன்று முனை பிளக்கும் சரியான எர்த்தும் இருக்கட்டும். நீர் அருகே ஒயரில் ஒட்டுப் போடாதீர்கள்.

3. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை, பெரியவர்கள் உடனிருக்க, அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மின்பணியாளரை அழையுங்கள்.

4. குளத்தில் விழும் இலைகளை அகற்றுங்கள். சில நிமிடங்களில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே இரை போடுங்கள். மீன்கள் திணறினால், பம்பை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பின், வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். விழும் நீர் காற்றைக் கலந்துகொள்ளும்.

5. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் குளத்தின் மேல் உறுதியான கம்பிவலை வேண்டும். முழங்கால் அளவு நீரும் ஆபத்தானதே.

6. யாருக்காவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

உங்கள் வீட்டு மெயின் எங்கே இருக்கிறது? இருட்டிலும் உங்களால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? இன்று மாலையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.