டிசம்பர் 10: தறியும் பள்ளியும்

டிசம்பர் மாதத்தின் முதல் நாள்கள் நினைவுகளால் நிறைந்தவை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் நச்சுவாயு கசிந்தது. 1956 டிசம்பர் 6-இல் அம்பேத்கர் மறைந்தார். 1882 டிசம்பர் 11-இல் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்தார். ஆயினும், தேசூரில் பட்டுத்தறிகளின் ஓசைக்கு நடுவே வளர்ந்த என்னை ஆண்டுதோறும் சிந்திக்க வைப்பது டிசம்பர் 10.

1878-இல் அந்த நாளில்தான் ராஜாஜி பிறந்தார். அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, சரியாக அவரது 70-ஆவது பிறந்த நாளில், பாரீஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களிக்கவில்லை. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. அதன் 23-ஆவது பிரிவு, விரும்பிய வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் மனித கண்ணியத்துக்கு ஏற்ற ஊதியத்தையும் பேசுகிறது. 26-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்கவேண்டும் என்கிறது.

1952-இல் சென்னை மாகாண முதல்வரான ராஜாஜி, வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று மத்திய அரசை வலியுறுத்தினார். பின்னாளில் 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு அவரது குரல் ஒரு முன்னோடி. அதே ராஜாஜிதான் 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை என்பது அரசின் வாதம். 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு மூண்டது. 1954-இல் அவர் பதவி விலக, காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

திட்டம் போயிற்று, அது எழுப்பிய கேள்வி போகவில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. அந்த 'உதவி' எங்கே முடிகிறது என்பதை நெசவாளர் வீடுகள் அறியும். எங்கள் வீட்டில் மாலையில் நானும் அக்காவும் தார் சுற்றினோம். காலையில் நான் பள்ளிக்குப் போனேன். ஒரு கட்டத்தில் அக்கா போவது நின்றது. அவர் நெய்த சேலைகளின் கூலியில்தான் என் கல்லூரிப் படிப்பு நடந்தது.

அக்காவின் கைத்திறன் எனக்கு வராது. அதைத் தாழ்வாக நினைக்கவும் என்னால் முடியாது. ஆனால், அது அவர் தேர்ந்துகொண்டதல்ல. கைத்தறியைக் காக்கவேண்டும் என்பதில் ராஜாஜி சரியாகவே சிந்தித்தார். தறியைக் காப்பதற்குப் பிள்ளையின் பள்ளி நேரம் விலையாகக் கூடாது. படித்து முடித்த ஓர் இளைஞரோ பெண்ணோ, கூலி கட்டுப்படியாகும் என்று நம்பித் தாமே வந்து தறியில் அமரும் நாளில்தான் டிசம்பர் 10-இன் இரு நினைவுகளும் தேசூரில் ஒன்றாகும்.