எம்ப்ரஸா, ஸ்கையா? பெரிய கப்பல்னா நல்ல கப்பலா? டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு!

சென்னையில் இருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல் என்றாலே பலருக்கும் சட்டென ஞாபகம் வருவது ‘எம்ப்ரஸ்’. 2022 ஜூன் மாதம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கப்பல் இது. 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போய் வந்தது.

எம்ப்ரஸை இயக்கும் கோர்டிலியா நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய இரண்டு கப்பல்கள் குத்தகைக்குத் தரப்படும் என 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. முதலில் ‘நோர்வீஜியன் ஸ்கை’, அடுத்து ‘நோர்வீஜியன் சன்’. 2026, 2027 என இரண்டு கட்டமாக வருவதுதான் திட்டம்.

சோளிங்கரிலோ ஆம்பூரிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சென்னைத் துறைமுகம் ரயிலில் எட்டும் தூரம்தான். ஆனால் நாலு பேருக்கு டிக்கெட் போட்டால் அது ஒரு வருஷ போனஸ் பணம். அவ்வளவு காசு கொடுக்கும்போது ‘புதுசு’, ‘பெருசு’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நம்பலாமா? வாங்க, பார்க்கலாம்.

*‘புதிய’ கப்பல் எவ்வளவு புதுசு?*

முதலில் எம்ப்ரஸ். பிரான்ஸின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1990-ல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ‘நோர்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கடலில் இறங்கியது. மூன்று, நான்கு இரவு கொண்ட குட்டிப் பயணங்களுக்காகவே வடிவமைக்கப்பட்ட கப்பல் இது. பல பெயர் மாறி, சில கை மாறி, 2021-ல் இந்தியாவுக்கு வந்தது. இங்கேயும் அது செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான்: சில நாள் பயணம், திரும்பி வருதல்.

நோர்வீஜியன் ஸ்கையின் கதை வேறு. ஜெர்மனியில் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்டத் தொடங்கினார்கள். கட்டிய தளமே திவாலானது. பாதியில் நின்ற கப்பலை வேறொரு ஜெர்மன் தளத்தில் முடித்து, 1999-ல் கடலில் விட்டார்கள். நடுவில் சில வருஷம் ‘பிரைட் ஆஃப் அலோஹா’ என்ற பெயரில் ஹவாய் தீவுகளைச் சுற்றியது. சன் கப்பல் 2001-ல் வந்தது.

ஆக, நமக்குப் ‘புதுசா வர்ற’ கப்பல், பழைய கப்பலைவிட 9 வயசுதான் இளையது. இந்தியாவுக்குப் புதுசு, கடலுக்குப் புதுசு இல்லை.

இது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. சென்னை, நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குத் தமிழர்களை ஏற்றிச் சென்ற ‘ரஜூலா’ 1926-ல் கட்டியது. அது ஓய்வு பெற்ற 1970-களில் அந்தப் பாதைக்கு வந்தது ‘எம்.வி. சிதம்பரம்’. ரஜூலாவைவிட அளவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அதுவும் 1966-ல் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் பிரெஞ்சு நிறுவனம் ஓட்டிய கப்பல்தான். வாங்கி, பெயர் மாற்றி நம் கடலுக்குக் கொண்டுவந்தார்கள்.

*77,000 டன் என்றால் எடையா?*

இல்லை. பலரும் குழம்பும் இடம் இதுதான். செய்திகளில் ‘48,000 டன் கப்பல்’, ‘77,000 டன் கப்பல்’ என்று வருவது கப்பலின் எடை கிடையாது. அது ‘கிராஸ் டன்னேஜ்’. கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் மொத்தம் எவ்வளவு என்பதைக் கன அளவில் எடுத்து, ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் எண்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பதப்படுத்தி முடித்த ஷூ தோலை யாரும் கிலோ கணக்கில் விலை பேசுவதில்லை, சதுர அடியில்தான் பேசுவார்கள். எத்தனை ஜோடி வெட்டலாம் என்பதுதானே முக்கியம்? கப்பலிலும் அப்படித்தான். பயணிக்குத் தேவை எடை இல்லை, இடம்.

இப்போ மூன்று கப்பலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்றாவதாக, உலகின் மிகப்பெரிய சொகுசுக் கப்பல் என்ற பெயரோடு 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியில் இருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’.

எம்ப்ரஸ்: கிராஸ் டன்னேஜ் 48,563. நீளம் சுமார் 211 மீட்டர். அறைக்கு 2 பேர் கணக்கில் சுமார் 1,600 பயணிகள்.

நோர்வீஜியன் ஸ்கை: கிராஸ் டன்னேஜ் 77,104. நீளம் சுமார் 258 மீட்டர். அறைக்கு 2 பேர் கணக்கில் சுமார் 2,000 பயணிகள்.

ஐகான் ஆஃப் தி சீஸ்: கிராஸ் டன்னேஜ் 2,48,663. நீளம் சுமார் 365 மீட்டர். 20 தளங்கள். அறைக்கு 2 பேர் கணக்கில் 5,610 பயணிகள்.

கிராஸ் டன்னேஜ் எண்ணில் ஐகான், எம்ப்ரஸைப் போல ஐந்து மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். பிரம்மாண்டம்தான். ஆனால் பயணிக்கு உதவும் எண் இது இல்லை.

*அப்போ எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?*

கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையில் சோளிங்கர் மலைக்குப் போனவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மலை அதே மலைதான், 1,305 படியும் அதே படிதான். ஆனால் சாதாரண செவ்வாய்க்கிழமை விசாலமாகத் தெரியும் இடம், அன்றைக்குக் கால் வைக்க இடமில்லாமல் போகும். இடம் எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பது மீதிக் கேள்வி.

கப்பல் துறையில் இதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. கிராஸ் டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் விடை, ஒரு பயணிக்கு எவ்வளவு இடம் என்பதைக் காட்டும். எண் கூடக் கூட நெரிசல் குறைவு.

எம்ப்ரஸ்: சுமார் 30.
நோர்வீஜியன் ஸ்கை: சுமார் 38.
ஐகான்: சுமார் 44.

இங்கே ஸ்கைக்கு நல்ல மார்க். கப்பல் எம்ப்ரஸைவிட 59 சதவீதம் பெரியது. ஆனால் பயணிகள் 25 சதவீதம்தான் அதிகம். அதாவது சாப்பாட்டு வரிசை, லிஃப்ட், நீச்சல் குளம் எல்லாவற்றிலும் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் கூடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. எல்லாமே ‘அறைக்கு 2 பேர்’ என்று வைத்துப் போட்டது. நம்ம ஊர்க் குடும்பங்கள் அப்படியா போகின்றன? அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஒரே அறையில் நாலு பேர் தங்குவதுதான் வழக்கம். எம்ப்ரஸில் 1,800 பேர் ஏறினால் 30 என்பது 27 ஆகிவிடும். ஸ்கையில் 2,400 பேர் ஏறினால் 38 என்பது 32 ஆகும். ஐகானே முழுசாக நிரம்பி 7,600 பேர் ஏறினால் 44 என்பது 33-க்கு வந்துவிடும்.

புரியுதா? கூட்டம் நிரம்பிய ஐகானைவிட, அறைக்கு இருவர் மட்டும் தங்கும் 1999-ம் வருஷக் கப்பலில் ஒருவருக்கு இடம் அதிகம். அதனால் பள்ளி விடுமுறையில் போகிறோமா, விடுமுறை இல்லாத வாரத்தில் போகிறோமா என்பது, எந்தக் கப்பலில் போகிறோம் என்ற அளவுக்கே முக்கியம்.

*பெரிய கப்பல் ஆடாதா?*

குறைவாக ஆடும். நீளமான கப்பல் ஒரே நேரத்தில் பல அலைகள் மீது படுத்துக்கொள்வதால், முன்னும் பின்னும் ஏறி இறங்குவது குறையும். ஸ்கை 47 மீட்டர் கூடுதல் நீளம் என்பதால் அந்த வகையில் சாதகம் உண்டு. ஆனால் ‘ஆடவே ஆடாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும். எம்ப்ரஸ் அந்த மாதங்களில் மும்பையை விட்டுச் சென்னைப் பக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழையில் வங்கக்கடலுக்கு முறை வரும். வாந்தி, தலைசுற்றல் பயம் உள்ளவர்கள் எந்தக் கப்பலாக இருந்தாலும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும் அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் அதுதான். முகப்பில் இருக்கும் பால்கனி அறையைவிட இது விலையும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

*பாதுகாப்பில் உண்மையான வித்தியாசம் எங்கே?*

இதுதான் முக்கியமான பகுதி. கப்பலின் பாதுகாப்பை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த விதிகளின் காலத்தில் கட்டப்பட்டது என்பதும் பெரிய விஷயம்.

2010 ஜூலை 1-க்குப் பிறகு கட்டப்படும் பெரிய பயணிகள் கப்பல்களுக்குச் சர்வதேச அளவில் ஒரு புதிய விதி வந்தது. தீ விபத்தோ, தண்ணீர் புகுவதோ குறிப்பிட்ட எல்லைக்குள் நடந்தால், கப்பல் தன் சொந்த சக்தியிலேயே துறைமுகம் திரும்ப வேண்டும். அதுவரை பயணிகளுக்குப் பாதுகாப்பான இடம், குடிநீர், சாப்பாடு, கழிப்பறை கிடைக்க வேண்டும். இதற்காக இயந்திரம், மின்சாரம், குழாய்கள் எல்லாம் இரட்டையாக, தனித்தனி இடங்களில் வைக்கப்படுகின்றன.

ஐகான் இந்த விதிப்படி கட்டியது. எம்ப்ரஸ், ஸ்கை, சன் மூன்றும் அதற்கு முந்தைய தலைமுறை.

இதன் அர்த்தம் என்ன என்பதற்கு ஒரு உதாரணம். 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் ட்ரையம்ப்’ கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. தீ அணைந்தது, உயிரிழப்பு இல்லை. ஆனால் கப்பல் சக்தி இழந்து மிதந்தது. 4,000-க்கும் மேற்பட்டோர் ஒழுங்கான மின்சாரமோ கழிப்பறையோ இல்லாமல் நாலு நாள் தவித்த பிறகு, இழுவைக் கப்பல்கள் அலபாமாவுக்கு இழுத்துவந்தன. அந்தக் கப்பலின் கிராஸ் டன்னேஜ் 1 லட்சத்துக்கும் மேல். ஸ்கையைவிடப் பெரியது. அதுவும் 1999-ல் வந்ததுதான்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான நினைவு, எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அதன் பயணிகள் சேவையும் முடிந்தது.

அப்படியானால் பழைய கப்பல் என்றாலே ஆபத்தா? அப்படிச் சொல்லிவிட முடியாது. சர்வதேசப் பயணத்தில் ஓடும் பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் அதிகபட்சம் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். வருஷா வருஷம் சோதனையில் தேற வேண்டும். கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் உயிர்காப்புப் படகு அல்லது மிதவையில் இடம் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். நன்றாகப் பராமரித்த பழைய கப்பல், மோசமாக ஓட்டும் புதிய கப்பலைவிட மேல். 2012 ஜனவரியில் இத்தாலியில் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்த ‘கோஸ்டா கன்கார்டியா’ அப்போது ஆறு வருஷம்கூட ஓடாத கப்பல்தான்.

அந்த விபத்தில் சில பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சியே அதுவரை நடந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் விதி மாறியது. கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயணிகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம்.

*பெரிய கப்பலால் நஷ்டம் எதுவும் இல்லையா?*

உண்டு. கப்பல் பெரிதாகப் பெரிதாக அது நுழையக்கூடிய துறைமுகங்கள் குறையும். சின்ன ஊர்களில் கடலிலேயே நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஏறி இறங்கவே பாதி நாள் போகும். ஊர் சுற்றிப் பார்க்கத்தான் கப்பல் என்று நினைப்பவர்களுக்கு இது நஷ்டம். கப்பலே சுற்றுலாத் தலம் என்று நினைப்பவர்களுக்குப் பிரச்னை இல்லை. ஐகான் போன்ற கப்பல்களின் வியாபாரமே அந்த இரண்டாவது எண்ணத்தில்தான் நிற்கிறது.

சுற்றுச்சூழல் கணக்கிலும் சிக்கல் இருக்கு. ஐகான் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. கந்தகப் புகை வெகுவாகக் குறையும். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு என்பதால் அதன் மீதும் விமர்சனம் இருக்கிறது.

*டிக்கெட் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்*

1. நான் போகும் தேதியில் எத்தனை பேர் பயணிக்கிறார்கள்? கப்பலின் அளவை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

2. கப்பல் எந்த ஆண்டு கட்டியது? கடைசியாக எப்போது உலர் தளத்தில் ஏற்றிப் புதுப்பித்தார்கள்?

3. என் அறை எந்தத் தளத்தில், எந்தப் பகுதியில் இருக்கிறது? ஜன்னல் உண்டா, நாலு பேருக்குக் கட்டில் எப்படிப் போடுவார்கள்?

4. விளம்பர விலையில் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை அடங்குமா? வைஃபைக்குத் தனிக் காசா?

5. ஒவ்வொரு ஊரிலும் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கும்? கரையிலேயே நிற்குமா, படகில் போகணுமா?

இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால், கப்பல் எம்ப்ரஸா, ஸ்கையா என்பது இரண்டாம் பட்சம். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். செல்ஃபி, பஃபே எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் குடும்பத்தோடு அங்கே போய், உங்கள் படகு எது, அதற்கு எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.